சால்வெண்ட் வைக்க எந்த டேங்க் வாங்குவது?

கேள்வி: அம்பத்தூரில் பெயின்ட் தின்னர் கலக்கும் சிறிய யூனிட் நடத்துகிறோம். டொலுவீன் என்ற சால்வெண்டை 200 லிட்டர் பேரல்களில் வாங்கிவந்தோம். மொத்தமாக எடுத்தால் விலை குறைகிறது என்பதால் 2000 லிட்டர் டேங்க் போட நினைக்கிறோம். “கெமிக்கலுக்கும் தாங்கும்” என்று கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் டேங்க்கைக் காட்டுகிறார். இரும்பு டேங்க் விலையில் பாதிகூட வராது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் காட்டுவது எச்.டி.பி.ஈ. டேங்க்காக இருக்கும். ஆசிட், காஸ்டிக், பிளீச்சிங் திரவம் இவற்றுக்கெல்லாம் அது அருமையான சரக்கு. ஆனால் டொலுவீனும் சைலீனும் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் ஊறி இறங்கும். சுவர் மெல்ல உப்பும், இளகும். ஓட்டை எதுவும் இல்லாமலேயே வெளியில் வாடை வரும்.

“எங்களுடையது ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தானே, அது பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாதே” என்று இன்னொருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். திரவம் சுவரை அரிக்கிறதா என்பது முதல் கேள்வி மட்டுமே. தீப்பிடிக்கும் சரக்குக்கு இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, நிலை மின்சாரம். டொலுவீன் குழாயில் ஓடும்போது உராய்வில் மின்னேற்றம் சேரும். டொலுவீன் மின்சாரத்தை லேசில் கடத்தாது, அதனால் சேர்ந்தது சீக்கிரம் வடியாது. சுவரும் பிளாஸ்டிக்காக இருந்தால் வடிய வழியே இல்லை. பிளாஸ்டிக் டேங்க்கின் மூடியில் எர்த் வயரைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைச் சில இடங்களில் பார்க்கலாம். அது திருஷ்டிக் கயிறு கட்டுவதற்குச் சமம்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். டொலுவீனின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் சூடு, சுமார் 4 டிகிரி. காற்றில் அதன் ஆவி ஏறக்குறைய 1 முதல் 7 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். மூடிய டேங்க்கில் 30 டிகிரி வெப்பத்தில் திரவத்துக்கு மேலே உள்ள இடத்தில் ஆவி கிட்டத்தட்ட 5 சதவீதம் நிற்கும். பெட்ரோல் டேங்க்குக்குள் ஆவி இந்த வரம்பைத் தாண்டி அடர்த்தியாக இருப்பதால் உள்ளே பற்றுவது அபூர்வம். டொலுவீன் நம் ஊர் வெயிலுக்கு வரம்பின் நடுவிலேயே வந்து உட்காருகிறது. பெட்ரோலைவிட இது சாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, பக்கத்தில் தீப்பிடித்தால் டேங்க் எவ்வளவு நேரம் நிற்கும்? சரியான வென்ட் (ஆவி வெளியேறும் திறப்பு) வைத்த இரும்பு டேங்க் தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடிக்கும்வரை தாக்குப்பிடிக்க வாய்ப்பு உண்டு. பிளாஸ்டிக் டேங்க் சில நிமிடங்களில் உருகி 2000 லிட்டரையும் தரையில் கொட்டிவிடும். எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) டேங்க்கிலும் இதே சிக்கல்தான். அதோடு அசிட்டோன், எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) போன்ற சால்வெண்ட்கள் அதிலுள்ள ரெசின்களில் பலவற்றை இளக்கிவிடும்.

ஆக, எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) எனும் சாதாரண இரும்பு டேங்க்தான். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: டேங்க் தேவைதானா? 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் பெட்ரோலிய வகைகளை 1934ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஏ’ வகுப்பில் வைக்கிறது. டொலுவீன் அதில் வரும். 30 லிட்டருக்கு மேல் சேமித்தாலே உரிமம் தேவை. பேரலில் வைத்தாலும் இதே கதைதான், “டேங்க் இல்லையே” என்று தப்பிக்க முடியாது. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) அமைப்பின் சென்னை அலுவலகத்தில் விசாரித்து, வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கிய பிறகே ஃபேப்ரிகேட்டரிடம் அட்வான்ஸ் கொடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். டேங்க் வந்து இறங்கிய பிறகு அதைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி போதவில்லை என்று தெரிந்தால் பணம் போனதுதான். இடைவெளி, தடுப்புச்சுவர், வென்ட், எர்த்திங் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மாதம் நாலைந்து பேரல் ஓடும் யூனிட் என்றால், உரிமத்தோடு இரும்பு பேரலிலேயே தொடர்வதுதான் என் கணக்கில் லாபம்.

கேள்வி: எங்கள் ஃபேப்ரிகேட்டர் “சால்வெண்ட் என்றால் எஸ்.எஸ். 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்) தான் சேஃப்” என்கிறார். எம்.எஸ். போட்டால் ஆபத்தா? டொலுவீன், மினரல் டர்பன்டைன், கொஞ்சம் எத்தில் அசிடேட் வைக்கப் போகிறோம்.

பதில்: டொலுவீன், சைலீன், ஹெக்சேன், டர்பன்டைன் எல்லாவற்றுக்கும் எம்.எஸ். தாராளமாகப் போதும். தீ என்று பார்த்தால் இரண்டும் இரும்புதான், 316 போட்டதால் பொறி வராமல் போகாது. எஸ்.எஸ். வாங்குவது பெரும்பாலும் சரக்கின் தரத்துக்காக. எத்தில் அசிடேட்டில் ஈரம் சேர்ந்தால் மெல்ல அசிட்டிக் ஆசிட் உருவாகும், அது எம்.எஸ். சுவரைத் தின்று சரக்கின் நிறத்தையும் கெடுக்கும். அந்த ஒரு டேங்க்கை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் இன்னொரு ரகமான எஸ்.எஸ். 304இல் செய்யுங்கள். மருந்துக் கம்பெனிக்குப் போகும் ஐ.பி.ஏ., அசிட்டோன் என்றாலும் அப்படித்தான். 316க்கு நீங்கள் சொன்ன பட்டியலில் வேலை இல்லை. அலுமினியத்தில் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், அது 660 டிகிரியிலேயே உருகும் உலோகம் என்பதை நினைவில் வையுங்கள்.

எம்.எஸ். டேங்க் உள்ளே இருந்து கெடுவது அடியில் தேங்கும் தண்ணீரால்தான். அடிப்பாகம் ஒரு பக்கம் சரிவாக, அங்கே வடிகால் வால்வோடு இருக்கட்டும். தரையில் படுக்கவைக்கும் உருளை டேங்க் என்றால் ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 10987, நிற்கும் டேங்க் என்றால் ஐ.எஸ். 803 என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். “நல்ல தகடு” என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

316இல் மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது? அடிவரை இறங்கும் நிரப்புக் குழாய்க்கு. மேலிருந்து அருவி மாதிரி கொட்டினால் தெறிப்பிலேயே மின்னேற்றம் கூடும். குழாயின் வாய் திரவத்துக்குள் மூழ்கும்வரை வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்புறம் பிரீதர் வால்வு (டேங்க் மூச்சுவிட), ஃப்ளேம் அரெஸ்டர் (வெளித் தீ உள்ளே போகாமல் தடுக்க), அவசர வென்ட். சுற்றிலும் டேங்க்கின் முழுக் கொள்ளளவும் அதற்குமேல் கொஞ்சமும் பிடிக்கும் தடுப்புச்சுவர். வெள்ளை பெயின்ட்.

பக்கவாட்டில் அளவு பார்க்கப் பிளாஸ்டிக் ட்யூப் மாட்டித் தருவார்கள். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். ஒரு ஏணி சாய்ந்து அது உடைந்தால் டேங்க் முழுதும் காலியாகும்.

கசியாமலிருக்க இணைப்புகளில் வைக்கும் கேஸ்கெட் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விட்டான் ரப்பர் டொலுவீனுக்கு நன்றாக நிற்கும், அசிட்டோனில் உப்பிப் போகும். ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் நேர் எதிர், அசிட்டோனுக்குச் சரி, டொலுவீனுக்கு ஆகாது. நைட்ரைல் ரப்பர் இரண்டுக்குமே நம்பிக்கையில்லை. சரக்கு மாறி மாறி வரும் இடத்தில் டெஃப்ளான் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கொட்டேஷனில் ‘ரப்பர் கேஸ்கெட்’ என்று மட்டும் இருந்தால் எந்த ரப்பர் என்று கேளுங்கள். பதில் தெரியாதவர் இதற்குமுன் சால்வெண்ட் டேங்க் செய்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

டேங்க்குக்குள் திரவ மட்டத்தைக் காட்டும் மிதவை அளவுகோலையும் விடாதீர்கள். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2007 ஜூலையில் பார்ட்டன் சால்வெண்ட்ஸ் நிறுவனத்தின் டேங்க் ஒன்று நாப்தா என்ற பெட்ரோலிய சால்வெண்டை நிரப்பும்போது வெடித்தது. இரும்பு டேங்க்தான். உள்ளே மிதவையின் இணைப்பு தளர்ந்திருந்ததால் அங்கே பொறி பறந்திருக்கலாம் என்பதுதான் விசாரணையில் சொல்லப்பட்ட காரணம். சுமார் 6000 பேரை ஊரிலிருந்து வெளியேற்ற வேண்டியதாயிற்று. டேங்க்குக்குள் இருக்கும் ஒவ்வொரு உலோகத் துண்டும் டேங்க்கோடு மின்தொடர்பில் இருக்க வேண்டும். இதை டெலிவரி எடுக்கும் அன்றே மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சப்ளையர் கம்பிக்கூண்டு போட்ட 1000 லிட்டர் வெள்ளை ஐ.பி.சி.யில் எத்தில் அசிடேட் தருகிறார். கூண்டுக்கு எர்த் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. கூண்டுக்குக் கொடுத்த எர்த் கூண்டில் உள்ளதைத்தான் வடிக்கும், பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் நிற்பதை வடிக்காது. தீ வந்தால் மிஞ்சுவதும் அந்தக் கூண்டு மட்டும்தான். தண்ணீர் கலந்த சரக்குக்கு அந்த ஐ.பி.சி.யை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு இரும்பு பேரலோ எஸ்.எஸ். டோட்டோ (ஐ.பி.சி. போன்ற பெரிய உலோகக் கலன்) கேளுங்கள்.

இரும்பில் வாங்கினாலும் நிரப்பும் குழாயின் நுனியிலுள்ள நாசிலை மறக்கக் கூடாது. மேலே சொன்ன பார்ட்டன் நிறுவனத்தின் அயோவா மாநிலக் கிளையில் அதே 2007 அக்டோபரில் ஓர் இரும்பு டோட்டில் எத்தில் அசிடேட் நிரப்பும்போது தீப்பிடித்தது. ரப்பர் ஹோஸின் நுனியில் இருந்த உலோக நாசிலுக்கு டோட்டோடு இணைப்பு இல்லை. ஒரு கிளிப்பும் ஒரு முழம் வயரும் போதுமான இடம் அது.

கேள்வி: மூடிய தொழிற்சாலை ஒன்றில் பழைய டீசல் டேங்க் மலிவாக வருகிறது. வாங்கி ஒரு மேன்ஹோல் வெட்டிக்கொள்ளலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் காஸ் கட்டர் வைக்கும் வேலையை உங்கள் இடத்தில் செய்யாதீர்கள். ‘காலி’ என்று சொல்லப்படும் டேங்க்தான் அதிக ஆபத்து. அடியில் ஒட்டியிருக்கும் கசடு டார்ச் சூட்டில் ஆவியாகும். தண்ணீர் ஊற்றிக் கழுவியது போதாது. முறையாகச் சுத்தம் செய்து, மீட்டர் வைத்துச் சோதித்து, காஸ் இல்லை என்று எழுத்தில் தரும் ஆளிடம் கொடுங்கள். அதற்கு முன் அல்ட்ராசானிக் கருவியால் தகட்டின் தடிமனைப் பல இடங்களில், குறிப்பாக அடிப்பாகத்தில், அளக்கச் சொல்லுங்கள். விற்பவர் அளக்க விடமாட்டேன் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் மரவேலைக்கு 5 லிட்டர் தின்னர் வைத்திருக்கிறேன். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கலாமா?

பதில்: கூடாது. பாட்டில் தாங்குவது ஒருபுறம் இருக்கட்டும், யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள். வாங்கிய தகர டின்னிலேயே, லேபிளோடு, சமையலறைக்கும் இன்வெர்ட்டருக்கும் தள்ளி வையுங்கள்.