பேட்டரி கார் அப்பாவுக்கா, மகனுக்கா? கேள்வி பதில்

மதுரையில் கார் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். பேட்டரி கார் பற்றி எனக்கு வந்த கேள்விகளில் பாதி, வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதம்தான். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

எல்லிஸ் நகர், ஓய்வுபெற்றவர், வயது 67: சென்னையில் இருக்கும் மகன் பேட்டரி கார் வாங்கச் சொல்கிறான். நான் ஓட்டுவது ஊருக்குள்தான், எப்போதாவது உசிலம்பட்டி. இந்த வயதில் இதெல்லாம் தேவையா?

ஐயா, உங்கள் மகனைவிட உங்களுக்குத்தான் இது பொருந்தும். கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டாம். காளவாசல் நெரிசலில் இடது கால் சும்மா இருக்கும். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. சொந்த வீடு, கார் ஷெட் இருந்தால் ராத்திரி 15 ஆம்ப்ஸ் பிளக்கில் போட்டுவிட்டுத் தூங்கலாம். முதலில் எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். மகன் அடுக்குமாடியில் இருந்தால் சார்ஜர் வைக்கவே அசோசியேஷனிடம் பேச வேண்டும். பொங்கலுக்கு 460 கிலோமீட்டர் ஓட்டி வரும்போது வழியில் சார்ஜருக்காக நிற்கவும் வேண்டும். ஆசைப்படுகிறவர் அவர், வசதி இருப்பது உங்களிடம். நான் பார்க்கிற பல வீடுகளில் நிலைமை இதுதான். ஒரே எச்சரிக்கை: மிதித்ததும் சட்டென்று இழுக்கும். முதல் சில நாள் காலியான ரோட்டில் பழகுங்கள்.

திருநகர், ஐ.டி. ஊழியர்: ஐந்து வருடத்தில் பேட்டரி போய்விடும் என்கிறார் அப்பா.

தம்பி, அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர் பார்த்ததெல்லாம் இன்வெர்ட்டர் பேட்டரி. மூன்று நாலு வருடத்தில் மாற்றியே பழக்கம். காரில் இருப்பது லித்தியம், அதன் வேதியியலே வேறு. 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் என்பது இங்கே பரவலாகக் கிடைக்கிறது. அந்தத் தாளை அப்பாவிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில், முழு சார்ஜோடு வண்டியை நாள்கணக்கில் வெளியே நிறுத்தாதீர்கள். தினமும் வேகச் சார்ஜர் போடுவதும் வேண்டாம்.

கே.கே. நகர், குடும்பத்தலைவி: கரண்ட் பில் எகிறாதா?

எகிறும் அம்மா. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 150 யூனிட், இரண்டு மாத பில்லில் 300. அது உங்கள் வீட்டு யூனிட்டோடு சேர்ந்து 500-ஐத் தாண்டினால், முதல் யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணச் சலுகையும் குறையும். ஆனாலும் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 1,500 ரூபாய்தான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு, பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 6,600 ரூபாய்க்கு மேல் ஆகும்.

வாடிப்பட்டி, இளைஞர்: கொடைக்கானல் ஏறுமா?

தாராளமாக ஏறும். ஆனால் சமதள மைலேஜை நம்பிக் கிளம்ப வேண்டாம். வத்தலக்குண்டிலிருந்து மேலே போக சுமார் 1,800 மீட்டர் ஏற்றம். ஒன்றரை டன் வண்டியைத் தூக்கவே 7 யூனிட்டுக்கு மேல் கூடுதலாகச் செலவாகும். 30 யூனிட் பேட்டரி என்றால் அடிவாரத்திலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். இறங்கும்போது மோட்டார் பிரேக் பிடித்தே அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பேட்டரியில் ஏற்றும். அதற்கு இடம் வேண்டும் என்பதால் மலைமேல் நூறு சதவீதம் நிரப்பாதீர்கள்.

ஒத்தக்கடை, கல்லூரி மாணவி: தானாக ஓடும் கார் வரப்போகிறதே, லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? எடுக்காமல் விடமாட்டேன் என்கிறார் தாத்தா.

தாத்தா சொல்வதைக் கேளும்மா. ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று, ஆளில்லாக் கார்களை இந்தியாவில் அனுமதிக்கமாட்டேன் என 2023-லேயே மத்திய அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். இப்போது காரில் வருவது தானாகப் பிரேக் பிடிப்பது, லேன் விலகாமல் பார்த்துக்கொள்வது போன்ற உதவிகள்தான். கோடே இல்லாத ரோட்டில், ஷேர் ஆட்டோ குறுக்கே வரும்போது கண்ணும் காலும் உன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். லைசென்ஸை இப்போது எடுத்தால் 40 வயது வரை செல்லும்.

மேலூர், மெக்கானிக்: எங்கள் பிழைப்பு என்ன ஆகும் அண்ணே?

இந்தக் கேள்விதான் என்னையும் அதிகம் யோசிக்க வைக்கிறது. ஆயில் மாற்றுவது, கிளட்ச் பிளேட், இன்ஜின் வேலை குறையும். சஸ்பென்ஷன், டயர், ஏ.சி., வயரிங் எல்லாம் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, நம்ம மதுரையில் தொழில் நடத்திய டி.வி. சுந்தரம் ஐயங்கார் பெட்ரோலுக்குப் பதில் கரியிலிருந்து வரும் வாயுவில் வண்டிகளை ஓட்டக் கரிவாயுக் கலன் தயாரித்தார். எரிபொருள் மாறும்போது கைவேலையும் மாறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. பட்டறையில் இருக்கும் சின்னப் பையன்களை முதலில் பயிற்சிக்கு அனுப்புங்கள், கூடவே நீங்களும் போங்கள். அதுவரை ஆரஞ்சு நிற வயரில் மட்டும் கை வைக்காதீர்கள் தம்பி. பல கார்களில் அதில் ஓடுவது 300 வோல்ட்டுக்கும் மேல்.