முப்பது நாள் கடந்தால் மேல்முறையீட்டு உரிமை போய்விடுமா?

கேள்வி: வரப்புத் தகராறு வழக்கில் 2025 ஜனவரி 10 அன்று முன்சீப் கோர்ட்டில் எனக்கு எதிராகத் தீர்ப்பானது. ஜனவரி 20-இல் நகல் மனு போட்டு, பிப்ரவரி 7-இல் நகல் வாங்கினேன். தந்தையின் அறுவைச் சிகிச்சையால் ஏப்ரல் 15-இல்தான் வக்கீலைப் பார்த்தேன். கெடு முடிந்துவிட்டது என்கிறார். இனி வழியில்லையா?

பதில்: கெடு முடிந்தது உண்மை, வழி அடைபட்டுவிடவில்லை.

காலவரையறைச் சட்டம், 1963-இன்படி, சார்பு நீதிமன்றத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ செல்லும் மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. தீர்ப்பு நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணி, பிரிவு 12-இன்படி நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாட்களை மட்டும் கழிக்க வேண்டும். உங்கள் நகல் பிப்ரவரி 7 அன்றே தயாரானது என்று கொண்டால், கழியும் 19 நாட்களைச் சேர்த்துக் கெடு பிப்ரவரி 28 வரை நீண்டது. நகலின் பின்புற முத்திரையில் உள்ள தேதிகளோடு இதைச் சரிபாருங்கள். நகலுக்கான முத்திரைத்தாளை நீதிமன்றம் கேட்டும் நீங்கள் தாமதமாகக் கொடுத்திருந்தால் அந்த நாட்கள் கழியாது. இக்கணக்கில், வக்கீலைப் பார்த்த நாளிலேயே 46 நாள் தாமதம். மேல்முறையீட்டைத் தாக்கல் செய்யும் நாள் வரை அது வளர்ந்துகொண்டே போகும்.

அதே காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 5-இன்கீழ், போதிய காரணம் இருந்ததென நீதிமன்றம் திருப்தியடைந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 3ஏ-இன்படி, மேல்முறையீட்டுடன் இதற்கான மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும். ஒருதரப்புத் தீர்ப்பாணையை (ஒரு தரப்பு வராதபோது வழங்கப்பட்டதை) நீக்கக் கோரிய தமிழ்நாட்டு வழக்கொன்றில், 883 நாள் தாமதத்தை விசாரணை நீதிமன்றம் மன்னித்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியபோதும், உச்ச நீதிமன்றம் 1998-இல் மன்னிப்பை நிலைநிறுத்தியது. தாமதத்தின் நீளத்தைவிட, சொல்லப்படும் விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதையே அது பார்த்தது. ஆனால், அதைக் காட்டியே உங்கள் மனு வென்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் விளக்கமில்லாத பத்து நாள் தாமதத்துக்கும் மனு தள்ளுபடியாகலாம்.

ஆகவே, நகல் வந்த நாளிலிருந்து நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள்: தந்தை மருத்துவமனையில் சேர்ந்தது, அறுவைச் சிகிச்சை, வீடு திரும்பியது, உடனிருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாதது. டிஸ்சார்ஜ் சம்மரியையும் ரசீதுகளையும் இணையுங்கள். உங்களுக்கே உடல்நலமில்லை என்று சான்றிதழ் வாங்கி வைக்கும் பழக்கம் நீதிமன்ற வளாகங்களில் உண்டு, வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் அதை உடைத்தால் உண்மையான காரணமும் சேர்ந்தே நம்பகத்தன்மை இழக்கும்.

இன்னொன்று அவசரமானது. மேல்முறையீடு தாக்கலானதாலேயே டிக்ரியின் (தீர்ப்பாணையின்) அமலாக்கம் நிற்காது. அதிலும் தாமத மனு நிலுவையிலிருக்கும்போது, மேல்முறையீட்டை விசாரிப்பதென நீதிமன்றம் முடிவெடுக்கும் வரை தடையாணை தரக்கூடாது என்று அதே விதி 3ஏ கூறுகிறது. எதிர்த்தரப்பு நிறைவேற்று மனு (டிக்ரியை அமல்படுத்தக் கோரும் மனு) போட்டிருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். போட்டிருந்தால் தாமத மனுவை விரைந்து விசாரிக்கும்படி வக்கீல் மூலம் கேளுங்கள்.