சீட்டைக் கழித்து எடுக்க வேண்டுமா? குழந்தை உளச்சிகிச்சைப் பயிற்சியின் செலவுக் கணக்கு

கேள்வி: எனக்கு வயது 32. லண்டன் ஹரோவில் கணவருடனும் ஏழு, நான்கு வயதுப் பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். பிரித்தானியக் குடியுரிமை உண்டு. 2012-இல் உளவியல் பட்டப்படிப்பைத் தொடங்கி முடித்தேன். இப்போது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியையாக ஆண்டுக்கு 22,000 பவுண் சம்பளம் பெறுகிறேன். குழந்தை உளச்சிகிச்சையாளராக வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். ஆனால் இரண்டு ஆண்டு முன்படிப்பு, நான்கு ஆண்டுப் பயிற்சி, அதோடு நானே உளப்பகுப்பாய்வுக்கு (ஆழ்மனத்தை ஆராயும் நீண்ட உரையாடல் சிகிச்சைக்கு) சென்று அதற்கும் பணம் கட்ட வேண்டும் என்று கேட்டதும் தலை சுற்றுகிறது. கையில் 14,000 பவுண் சேமிப்பு இருக்கிறது. 20 பேர் சேர்ந்த, மாதம் 500 பவுண் சீட்டு ஒன்றில் ஐந்து மாதம் கட்டிவிட்டேன். இந்த மாதம் 1,800 கழிவு சொன்னால், அதாவது அவ்வளவு தொகையை விட்டுக்கொடுத்தால், எடுக்கலாம். போதாவிட்டால் நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அம்மா. வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகப் படிக்கலாமா?

பதில்: வேலையை விட வேண்டாம், சீட்டை எடுக்க வேண்டாம், நகையைத் தொடவே வேண்டாம். நீங்கள் அஞ்சுகின்ற நான்கு ஆண்டுகள் உண்மையில் சம்பளம் வருகின்ற ஆண்டுகள். பணத்தைக் கரைக்கக்கூடியவை அதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகள்தாம். உங்கள் திட்டம் முழுவதும் அந்த முன்காலத்தை எப்படிக் கடப்பது என்பதைச் சுற்றியே அமைய வேண்டும்.

முதலில் அந்த நான்கு ஆண்டுகளைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் குழந்தை உளச்சிகிச்சைக்கான மருத்துவப் பயிற்சிக்குத் தேர்வாகிறவர் கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவராக இல்லாமல், அரசின் தேசியச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்-இன் ஒரு குழந்தைகள் மனநலப் பிரிவில் சம்பளம் பெறும் ஊழியராக நியமிக்கப்படுகிறார். பயிற்சிப் பள்ளியின் கட்டணத்தை என்.எச்.எஸ் ஏற்கிறது. சம்பளம் பேண்ட் 6 என்னும் ஊதியத் தரத்தில்; 2025-26 விகிதப்படி தொடக்கம் 38,682 பவுண். வெளி லண்டனில் பணியிடம் கிடைத்தால் அதன் மேல் 15 சதவீதப் படி சேர்ந்து 44,484 ஆகும். இதில் ஓய்வூதியப் பங்களிப்பு 9.8 சதவீதம், வருமான வரி, தேசியக் காப்புறுதி ஆகியவை போனால் மாதம் 2,670 பவுண் அளவில் கைக்கு வரும். தகுதி பெற்ற பின் பேண்ட் 7, அதாவது அதே 2025-26 விகிதப்படி, படி சேர்க்காமல் 47,810-இலிருந்து தொடங்கும்.

இனி முன்படிப்பு. லண்டனிலுள்ள டவிஸ்டொக் மனநலச் சிகிச்சை மையத்தின் உளப்பகுப்பாய்வு அவதானிப்புப் படிப்பு இவ்வகையில் பலரும் அறிந்தது. அதன் மையமான குழந்தை அவதானிப்பை 1948-இல் உளப்பகுப்பாய்வாளர் எஸ்தர் பிக் அங்கே தொடங்கிவைத்தார். பிறந்த குழந்தை ஒன்றை அதன் வீட்டுக்கே சென்று வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வயது வரை, அங்கே பேனாவை எடுக்காமல் பார்த்துவிட்டு, திரும்பி வந்த பிறகே எழுத வேண்டும். இதற்குப் பணம் செலவில்லை, ஆனால் வாரத்தில் ஒரு மாலை நிரந்தரமாகப் போய்விடும். அந்த மாலையில் பிள்ளைகளைப் பார்ப்பது யார் என்று கணவருடன் இப்போதே பேசிவிடுங்கள். இப்படிப்பு பிள்ளைகளோடு வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்காகவே அமைக்கப்பட்டது. அவர்களுடைய அன்றாடப் பணி அனுபவமே கருத்தரங்கில் ஆராயப்படும் பொருள். வேலையை விட வேண்டாம் என்று சொன்னதற்குச் சம்பளம் மட்டும் காரணமன்று.

கட்டணத்துக்கு அரசாங்கத்தின் முதுகலைக் கடன் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2026 ஜூலை 31 வரை தொடங்கும் படிப்புகளுக்கு அதன் உச்சவரம்பு 12,858 பவுண். ஆனால் இக்கடன் முழுமையான முதுகலைப் பட்டத்துக்கு மட்டுமே தரப்படும். பட்டயத்தில் சேர்ந்து பார்ப்போம், பிடித்தால் பிறகு முதுகலையாக்கிக்கொள்வோம் என்று எண்ணிப் பதிவு செய்தால் பட்டயத்துக்கும் கடன் இல்லை, பின்னால் அதை முதுகலையாக உயர்த்தும் ஆண்டுக்கும் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் ஒரு பெட்டியில் இடும் குறி, உங்களுக்குப் பன்னிரண்டாயிரம் பவுண் வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். முன்பே முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கும் இக்கடன் கிடையாது. நீங்கள் இளங்கலையோடு நிறுத்தியது இந்த இடத்தில் உங்களுக்கு நன்மையாக முடிகிறது.

கடனை அடைப்பது எளிது, ஆனால் மலிவன்று. படிப்பு முடிந்த பின் வரும் ஏப்ரலிலிருந்து, ஆண்டு வருமானத்தில் 21,000 பவுணுக்கு மேற்பட்ட பகுதியில் 6 சதவீதம் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். உங்கள் பட்டப்படிப்புக் கடன் நிலுவையில் இருந்தால், 2012-இல் தொடங்கிய படிப்பு என்பதால் அது ‘இரண்டாம் திட்டம்’ (Plan 2) என்னும் மாணவர் கடன் வகையைச் சேர்ந்தது; அதன்படி, 2025-26 அளவான 28,470-க்கு மேற்பட்ட பகுதியில் இன்னொரு 9 சதவீதம் பிடிக்கப்படும். மேலே சொன்ன 2,670 இரண்டு பிடித்தங்களும் போய் 2,430 ஆகக் குறையும். வட்டி சில்லறை விலைப் பணவீக்கத்துக்கு மேல் 3 சதவீதம் வரை போகலாம். எனினும் வருமானம் இல்லாத காலத்தில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், 30 ஆண்டில் மிச்சம் தள்ளுபடியாகும்.

இதோடு உங்கள் சீட்டை ஒப்பிடுங்கள். இந்த மாதத் தவணையோடு நீங்கள் கட்டியது 3,000. கழிவு போகக் கையில் வருவது 8,200. ஆகவே நீங்கள் உண்மையில் கடன் வாங்குவது 5,200 பவுண். திருப்பிக் கட்டுவது 14 மாதங்களில் 7,000. மற்றவர்களின் கழிவால் மாதத் தொகை சற்றுக் குறையும் என்று வைத்துக்கொண்டாலும், ஹரோவில் எந்த வங்கிக்குப் போனாலும் இதைவிட மலிவாகக் கடன் கிடைக்கும். கடைசி வரை விட்டால் அதே சீட்டு உங்களுக்குக் கழிவில்லாமல் 10,000 தரும். தாச்சி, அதாவது சீட்டை நடத்துபவர், நம்பிக்கையானவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

அந்தப் பத்தாயிரம் எதற்கு என்றால், உளப்பகுப்பாய்வுக்கு. பயிற்சிக் காலம் முழுவதும் வாரத்தில் குறைந்தது மூன்று அமர்வுகள் செல்ல வேண்டும், அதை மருத்துவப் பயிற்சிக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று பயிற்சிப் பள்ளிகள் எதிர்பார்க்கின்றன. ஓர் அமர்வு 45 பவுண், ஆண்டில் 42 வாரம் என்று கணக்கிட்டால் 5,670 பவுண் ஆகிறது. குறைந்த கட்டணத்தில் ஒருவரைக் கண்டுபிடித்து உடனே தொடங்கிவிட வேண்டாம். அவர் பயிற்சிப் பள்ளியின் ஒப்புதல் பெற்றவராக இல்லாவிட்டால் நீங்கள் கட்டிய பணம் பயிற்சிக் கணக்கில் சேராது. ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே முதல் அமர்வுக்குப் போங்கள். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் வராத வாரங்களுக்கும் கட்டணம் உண்டா என்று. பகுப்பாய்வாளர்களிடையே அது பரவலான வழக்கம். ஈஸ்டர் விடுமுறையில் மூன்று வாரம் யாழ்ப்பாணம் போய்வந்தால், பயணச்சீட்டோடு 405 பவுணையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முன்படிப்பின் இரண்டாம் ஆண்டில் பகுப்பாய்வைத் தொடங்கினால், சேமிப்பில் 5,670 போக 8,330 மிஞ்சும். அந்த ஆண்டே மருத்துவப் பயிற்சியில் இடம் கிடைத்தால் நல்லது. இடங்கள் மிகச் சில, விண்ணப்பிப்போர் பலர். கிடைக்காமல் போனால் இன்னோர் ஆண்டு அதே செலவு வரும், சேமிப்பு 2,660-க்கு இறங்கிவிடும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது ஆபத்தான அளவு. இந்த இரண்டாம் முயற்சிக்காகவே சீட்டின் பத்தாயிரத்தை ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன். மூன்றாம் முயற்சி வேண்டுமா என்பதை இப்போதே தீர்மானித்து வையுங்கள். வேண்டாம் என்பது என் கருத்து.

இடையில் யாராவது, பள்ளிகளுக்கான மனநலப் பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்தால் சம்பளமும் வரும், அனுபவமும் கிடைக்கும் என்று சொல்லக்கூடும். அது நல்ல வேலைதான். ஆனால் என்.எச்.எஸ் நிதியில் ஓர் உளவியல் பயிற்சியை முடித்தவருக்கு அடுத்த இரண்டு ஆண்டுகள் அதே நிதியில் இன்னொரு பயிற்சி கிடைக்காது என்ற விதி இருப்பதால், குறுக்குவழி என்று எண்ணி அதில் இறங்கினால் உங்கள் பயணம்தான் நீளும்.

பயிற்சிப் பணி கிடைத்த பிறகும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. இன்று உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத 13 வாரமும் உங்களுக்கும் பள்ளி இல்லை. என்.எச்.எஸ் தருவது பொது விடுமுறை நீங்கலாக 27 நாள். கோடைப் பராமரிப்புக்குப் பணம் வேண்டும். பதிவு பெற்ற இடமாக இருந்தால், வரியில்லாக் குழந்தைப் பராமரிப்புக் கணக்கில் நீங்கள் இடும் ஒவ்வொரு 8 பவுணுக்கும் அரசாங்கம் 2 பவுண் சேர்க்கும், ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு 2,000 வரை. பகுப்பாய்வுக்கு மாதம் 472 ஒதுக்கிய பின்னும் 1,960 அளவில் உங்கள் கையில் நிற்கும். இன்று வருவதோ 1,530-ஐ ஒட்டிய தொகை. ஆகவே கோடைச் செலவு தாங்கக்கூடியதே.

பணி நியமனக் கடிதம் வரும்போது, பகுப்பாய்வுச் செலவில் எவ்வளவு பகுதியை ஏற்கிறார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். அதே ஒப்பந்தத்தில் பகுப்பாய்வு பணியின் கட்டாயக் கடமையாக எழுதப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். பயிற்சிப் பணியில் இருந்த ஒரு தோல் நோய் மருத்துவரின் படிப்புச் செலவுக்கு 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரிக்கழிவை அனுமதித்தது, அந்தப் பயிற்சி அவருடைய வேலையின் ஒப்பந்தக் கடமையாக இருந்ததால்தான். அதற்கு முன் 2001-இல், தன் பயிற்சிக்காக உளச்சிகிச்சை பெற்ற ஒரு மனநல மருத்துவரின் கோரிக்கை தோற்றிருக்கிறது. எனவே இந்த வரிக்கழிவை வரவுசெலவில் சேர்க்காமல், ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வரி ஆலோசகரைப் பாருங்கள். 2,500 பவுணுக்கு மேற்பட்ட கோரிக்கையைச் சுயமதிப்பீட்டுப் படிவத்தின் வழியேதான் வைக்க முடியும்.

அதற்கெல்லாம் இன்னும் காலம் இருக்கிறது. இந்த மாதம் சீட்டுக் கூறும்போது பேசாமல் இருங்கள். உங்கள் பெயரைக் கடைசித் தவணைக்கு எழுதிக்கொள்ளுமாறு தாச்சியிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.