சூழல் மாறியை நிரலுக்குள் வைத்தும், பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பை அதை ஏன் கண்டுகொள்வதில்லை?

நீங்கள் மதிப்பைத் தப்பாக வைக்கவில்லை, நேரம் தப்பி வைத்திருக்கிறீர்கள். எத்தனை த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) போதும் என்று சொல்லும் 'ஓபன்பிளாஸ் நம் த்ரெட்ஸ்' (OPENBLAS_NUM_THREADS) மாறியில் 1 என்று போட்ட பிறகும், கணினிச் செயலியின் 8 கோரும் (core) ஓடுகிறது என்கிறீர்கள். நம்பைக்காகக் கணக்குப் போடுவது பெரும்பாலும் ஓபன்பிளாஸ் என்ற இன்னொரு நூலகம். நினைவகத்தில் ஏறும்போது ஒரு தடவை மாறியைப் பார்த்து, எத்தனை த்ரெட் என்று முடிவு செய்துவிடும். அப்புறம் திரும்பிப் பார்க்காது. எங்கள் குமுளி செக்போஸ்ட்டில் வண்டி கேட்டைத் தாண்டிய பிறகு பர்மிட்டை நீட்டுகிற கதைதான்.

நானே இதில் இரண்டு நாள் தொலைத்தேன். போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்னேலத்தின் பழைய விலைகளை வைத்து, மாமா கடைக்காக ஒரு கணக்கு எழுதினேன். சீக்கிரம் முடியட்டும் என்று 8 புராசஸாக, அதாவது தனித்தனியாக ஓடும் 8 வேலைகளாக, பிரித்தேன். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு 8 த்ரெட் திறக்க, 64 த்ரெட் 8 கோருக்கு முட்டி மோதின. பிரிக்காமல் ஓட்டியதைவிட மெதுவாகப் போனது. மாறி வைக்கும் வரியை நம்பை இம்போர்ட்டுக்கு மேலே ஏற்றினேன். அப்போதும் அதேதான். கடைசியில் பார்த்தால், அதற்கும் மேலே, அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தின் இம்போர்ட் உட்கார்ந்திருக்கிறது. பாண்டாஸ் வரும்போதே நம்பையையும் கையோடு கூட்டி வந்துவிடும்! சரி, அதையும் கீழே இறக்கினேன். ஒரு வாரம் போனது. இம்போர்ட் எல்லாம் மேலே இருக்க வேண்டும் என்று, நிரலின் நடையைச் சரிபார்க்கும் லின்ட்டர் நச்சரிப்பது பொறுக்காமல், கூட வேலை செய்யும் தம்பி எல்லாவற்றையும் பழையபடி மேலே தூக்கி வைத்துவிட்டான்.

அன்றோடு நிரலுக்குள் வைப்பதையே விட்டுவிட்டேன். கட்டளைகளைத் தட்டும் ஷெல்லில் மாறியை எக்ஸ்போர்ட் செய்துவிட்டுப் பைத்தானைக் கிளப்புங்கள். எக்ஸ்போர்ட்டை மறந்தால் மாறி ஷெல்லோடு நின்றுவிடும், பைத்தானுக்குப் போகாது. குறித்த நேரத்தில் வேலையைத் தானே கிளப்பும் கிரானில் ஓட்டுகிறீர்கள் என்றால், ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் எழுதியது எடுபடாது, கிரான் அதைப் படிப்பதில்லை. கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டாப்பிலேயே, வேலைக்கான வரிக்கு மேலே, தனி வரியாக எழுதுங்கள். ஓடும்போது மாற்றியே ஆக வேண்டும் என்றால் த்ரெட்பூல்சிடிஎல் என்று தனி நூலகம் இருக்கிறது. எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.

மாறி போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகம் வந்தால், லினக்ஸில் ப்ராக் அடைவில் அந்தப் புராசஸ் எண்ணுக்குள் போய் என்விரான் கோப்பைத் திறந்து பாருங்கள். கிளம்பும்போது கையில் என்ன இருந்ததோ அதுதான் அதில் இருக்கும். பின்னால் நிரலுக்குள் வைத்தது அங்கே தெரியாது.