தண்ணீர்த் தொட்டியும் கையெழுத்தும்

அன்புள்ள ஐயா,

பழங்குடிகள் வாழும் இடத்துக்கு வரும் கம்பெனிகள் அவர்களோடு பேசி உறவு வளர்ப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊருக்கு எரிவாயு எடுக்க வந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தந்தார்கள். ஊர்ப் பெரியவர்களோடும் உட்கார்ந்து பேசினார்கள். இது போதாதா? நாங்கள் பழங்குடிப் பட்டியலிலும் இல்லையே?

செ., பெரியபட்டினம் பக்கம்

அன்புள்ள செ.,

தொட்டியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நல்ல தண்ணிக்கு அலைகிற ஊர் அது. ஆனால் கம்பெனிக்காரர்கள் பேச வந்தபோது எரிவாயுக் கிணறு தோண்டும் இடம் முடிவாகியிருந்ததா, இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

ஒடிசாவின் நியமகிரி மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டலாமா என்று கிராம சபைகளைக் கேட்கச் சொல்லி 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேட்கப்பட்ட 12 சபைகளும் முடியாது என்றன. வெட்டக் காத்திருந்த வேதாந்தா கம்பெனிக்கு மலை கிடைக்கவில்லை. அந்த மலையின் பழங்குடிகளான டோங்ரியா கோந்து மக்களுக்கு, காட்டில் வாழ்பவர்களின் உரிமையைக் காக்கும் வன உரிமைச் சட்டம் துணை நின்றது. நம் கரையில் நடப்பதே வேறு. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மத்திய அரசின் எண்ணெய், எரிவாயு நிறுவனமான ஓஎன்ஜிசி அனுமதி வாங்கியது 2025 ஆகஸ்டில்தான் ஊருக்குத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு. பட்டியலில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, கேட்காமல் தோண்டினால் பாதிக்கப்படுவது அங்கே குடியிருப்பவர்தான்.

'ஊர்ப் பெரியவர்கள்' என்கிறீர்களே, அதில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் எத்தனை பேர்? மரிக்கொழுந்துப் பாசி கடலுக்கடியில் எந்தப் பாரில், அதாவது எந்தப் பாறைத் திட்டில், கிடைக்கும், எந்த மாதம் எடுக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். பாசி அழியாமலிருக்க எடுக்கும் நாட்களைத் தாங்களாகவே குறைத்துக்கொண்டவர்கள்.

கம்பெனி வந்தால் பிழைப்பு வரும் என்பதும் பொய்யில்லை. 2000 வாக்கில் பெப்சி, மண்டபம் பகுதியில் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடல்பாசியை ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்தது. பெண்கள் குழுக்களுக்கு வருமானம் வந்தது. 2008-ல் அதே பாசி, மண்டபம் பக்கத்துக் குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்த வாக்கிலேயே பெப்சி தொழிலை வேறு கைக்கு மாற்றிவிட்டது. பாறை எங்கே போகும்?

பெரியவர்களிடம் கையெழுத்து கேட்டார்கள் என்றால், எந்தத் தாளில் என்று விசாரியுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். உங்கள் ஊர் சர்வே எண் அதில் இருந்தால் அடுத்த கிராம சபையில் பாசி எடுக்கும் பெண்களையே பேசச் சொல்லுங்கள். அவர்கள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வையுங்கள்.