பதறாமல் யோசிக்க: ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியரிடம் கேட்டவை

கே: ஐயா, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. சும்மா எடுத்த ரத்தப் பரிசோதனையில் அரிய நோய் ஒன்று இருக்கலாம் என்று வந்திருக்கிறது. பரிசோதனை 95 சதவீதம் சரியாக இருக்குமாம். தூக்கமே போய்விட்டது.

ப: ஒரு தாளை எடுங்கள். அந்த நோய் 1000 பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நோயில்லாத 100 பேரில் 5 பேருக்குப் பரிசோதனை தவறாக ‘உண்டு’ என்று காட்டுகிறது. 1000 பேரைச் சோதித்தால், நோயுள்ள அந்த ஒருவரோடு நோயில்லாத 50 பேரும் மாட்டுவார்கள். நீங்கள் அந்த 51 பேரில் ஒருவர். நிஜமாகவே நோய் இருக்க வாய்ப்பு 2 சதவீதம்தான். 1978-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மருத்துவமனைகளில் மருத்துவர்கள், மாணவர்கள் என 60 பேரிடம் இதே கணக்கைக் கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்! நீங்கள் பயந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் நோய்க்கு எண்கள் வேறாக இருக்கலாம். மருத்துவரிடம் கேளுங்கள்: என்னைப் போன்றவர்களில் எத்தனை பேருக்கு இது இருக்கும்? இல்லாதவர்களில் எத்தனை பேருக்குத் தவறாகக் காட்டும்? மறுபரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கே: நாள் முழுக்கச் செய்தி பார்க்கிறேன். எதுவும் மனதில் நிற்பதில்லை.

ப: எப்படி நிற்கும்? தகவல் பெருகினால் கவனம் வற்றும் என்று அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே சொல்லிவிட்டார். அப்போது கைப்பேசிகூடக் கிடையாது. அறிவிப்புகளை அணைத்துவிட்டு மாலையில் ஒருமுறை பாருங்கள். காலையில் பரபரப்பாக வந்ததில் பாதி அதற்குள் அடங்கியிருக்கும்.

கே: ஆறு வருடம் படித்து வேலைக்கு வந்த துறை பிடிக்கவில்லை. விட்டால் அத்தனையும் வீண்தானே?

ப: விட்டாலும் தொடர்ந்தாலும் அந்த ஆறு வருடம் திரும்பாது. பிரிட்டனும் பிரான்சும் 1962-இல் ஒப்பந்தம் போட்டு, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்டு பயணிகள் விமானத் திட்டத்தைத் தொடங்கின. செலவு எகிறியது தெரிந்தும், இவ்வளவு கொட்டிவிட்டோமே என்று விட மனமில்லை. (விலக வழியில்லாத ஒப்பந்தமும் ஒரு காரணம்.) கடைசியில் பயணிகள் சேவைக்கு வந்தவை 14 விமானங்கள்.

இன்று புதிதாகத் தொடங்கினால் இதே துறையை எடுப்பீர்களா? ஆனால் ஒன்று, பிடிக்காதது துறையா, இப்போதைய மேலதிகாரியா என்று பிரித்துப் பாருங்கள். என்னிடம் இதைக் கேட்டு வந்த பலருக்குச் சிக்கல் மேலதிகாரிதான்.

கே: என்ன ஆதாரம் காட்டினாலும் சித்தப்பா தன் கருத்தை மாற்றுவதேயில்லை.

ப: நீங்கள் மாற்றிக்கொள்வீர்களா? உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, இதன் பின்னால் உள்ள விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு எண்களைச் சொல்லிச் சரியா என்று கேட்டுக்கொள்ளலாம். பலர் இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று ஊகித்து, 8, 10, 12 என்று அந்த ஊகத்துக்கு ஒத்துவருவதையே சொன்னார்கள். விதியோ, எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பதுதான். 3, 7, 50 என்று கேட்டிருந்தால் ஊகம் அங்கேயே உடைந்திருக்கும்.

‘எதைக் காட்டினால் மாற்றிக்கொள்வீர்கள்?’ என்று சித்தப்பாவிடம் கேளுங்கள். அதற்கு முன், அதே கேள்விக்கு உங்கள் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: படுத்தால் நாளைய வேலைகள் மண்டைக்குள் சுற்றுகின்றன.

ப: படுக்குமுன் தாளில் எழுதிவிடுங்கள். கைப்பேசியில் வேண்டாம்.

கே: வயதானால் தெளிவு தானாக வந்துவிடுமா ஐயா?

ப: வராது. சட்டென்று முடிவெடுப்பதும், எடுத்ததை விடாமல் பிடித்துக்கொள்வதும்தான் தானாக வருகின்றன. அதனால் பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் நான் அன்றே பதில் சொல்வதில்லை. போனில் அவசரப்படுத்துகிறவர்களுக்கு என்னைச் சுத்தமாகப் பிடிப்பதில்லை.