சர்வீஸ் பில்லில் பாதி கூலியா?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஓட்டிவரும் என் பெட்ரோல் ஹேட்ச்பேக் காரை அண்மையில் நிறுவன சர்வீஸ் சென்டரில் விட்டேன். வரி நீங்கலாக 10,500 ரூபாய் பில் வந்தது. அதில் ஆயிலுக்கும் உதிரிபாகங்களுக்கும் 4,600 ரூபாய். மீதி 5,900 ரூபாயும் லேபர். அரை மணி நேர வேலைக்கு இவ்வளவு கூலியா? இனி ஆயிலை நானே மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் அனுப்பியிருக்கும் பில் நகலைப் பார்த்தால், பீரியாடிக் சர்வீஸுக்கான (குறித்த கால இடைவெளியில் செய்யும் வழக்கமான பராமரிப்புக்கான) கூலி 2,100 ரூபாய்தான், வீல் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டுக்கும் 1,000 ரூபாய். எஞ்சிய 2,800 ரூபாய் ஏ.சி. கிருமிநீக்கம், என்ஜின் அறைக்கு மெருகு, அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு ஆகியவற்றுக்குப் போயிருக்கிறது. காருடன் தரப்படும் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. செய்யவேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் கையெழுத்திடும்போது ஆலோசகர் வேகமாக வாசித்துச் சொல்லும் பட்டியலுக்கு நாம் தலையாட்டிவிடுகிறோம்; நானும் ஆட்டியிருக்கிறேன். இந்த மூன்றையும் மறுத்திருந்தால், ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல், கூலியில் ஏறத்தாழ பாதியை, அதன்மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் சேர்த்து மிச்சப்படுத்தியிருப்பீர்கள்.

அரை மணி நேரக் கணக்கைப் பொறுத்தவரை, நிறுவன சர்வீஸ் சென்டர்களில் கடிகாரத்தைப் பார்த்துக் கூலி போடுவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே வகுத்த அளவுப்படியே கூலி கணக்கிடப்படுவதால், கைதேர்ந்த மெக்கானிக் விரைவில் முடித்தாலும் தொகை குறைவதில்லை.

ஆயில் மாற்றுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காருடன் வரும் ஜாக், டயர் மாற்றுவதற்கானது. அதை நம்பிக் காருக்கு அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. முறையாகச் செய்ய காரைத் தாங்கி நிற்கும் இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள், எவ்வளவு முறுக்குகிறோம் என்பதை அளக்கும் டார்க் ரெஞ்ச், ஆயில் பிடிக்கும் தட்டு ஆகியவை வேண்டும். வடிகால் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் அலுமினிய ஆயில் சம்ப்பின் மரையைக் கெடுத்துக்கொண்டால், மிச்சம் பிடித்த கூலியைப் போல் சில மடங்கு கைவிட்டுப் போகும். வடித்த மூன்று, நான்கு லிட்டர் பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு.

நின்றபடி செய்யக்கூடிய வேலைகளோ வேறு. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளையோ திருகுகளையோ கழற்றிப் புதியதைப் பொருத்தப் பத்து நிமிடம் போதும். ஏ.சி. ஃபில்டர் பல கார்களில் டேஷ்போர்டின் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். காற்றுப் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியை மட்டும் கவனியுங்கள். வைப்பர் பிளேடு, பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்தல் (நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும்), டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்த்தல் ஆகியவையும் இப்படியே. முன்னதாகவே ஃபில்டர்களை மாற்றிவிட்டால், அதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். இல்லையெனில் அவையும் பில்லில் ஏறிவிடக்கூடும்.

கேள்வி: முன்சக்கர பிரேக் பேடுகளையும் நானே மாற்றலாமா? வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டி போய்விடுமா?
– அதே வாசகர்

பதில்: பிரேக்கை முதல்முறை தனியாகத் தொடாதீர்கள். பேடு மாற்றியபின் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். மறந்தால், முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. தெரிந்த மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள்.

உங்கள் காருக்கு வாரண்டிக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். புதிய கார் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவில், வெளியே பழுதுபார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை முழுவதுமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும், தவறான வேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றும் கூறியது. அந்த உத்தரவில் விதித்த அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. எப்படியிருந்தாலும், உதிரிபாகம் வாங்கிய ரசீதையும், வேலை நடந்த தேதியையும் கிலோமீட்டரையும் குறித்த தாளையும் பத்திரப்படுத்துங்கள்.